‘கழிப்பறை: உண்டு’ என்று டிக் போட்டுவிட்டேன், சரிதானா?

நான்குபக்கம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். சமூகப்பணி முதுகலை, இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். களப்பணிக்காக ஒரு குடிசைப் பகுதியில் 120 வீடுகளைக் கணக்கெடுக்கிறேன். படிவத்தைத் துறையிலேயே கொடுத்துவிட்டார்கள், நான்கு பக்கம். சுவர் எதில் கட்டியது, கூரை எது, மின்சாரம் உண்டா, குடிநீர் உண்டா, கழிப்பறை உண்டா என்று வரிசையாகப் போகும். பக்கத்தில் இரண்டு கட்டம்: உண்டு, இல்லை.

முதல் நாள் 18 வீடுகள் முடித்தேன். கடைசி வீட்டில் ஓர் அம்மா வாசலிலேயே உட்கார்ந்து பதில் சொன்னார். கழிப்பறை உண்டா என்றேன். உண்டு என்றார். டிக் போட்டேன். எழுந்து கிளம்பும்போது அவர் மகள், பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும், “அக்கா, அதை ராத்திரி பூட்டிடுவாங்க” என்றாள். அம்மா அவளை முறைத்தார். அத்தோடு பேச்சு முடிந்தது. டிக்கை அழிக்கவும் மனம் வரவில்லை. அழித்தால் ‘இல்லை’ ஆகிவிடும். அதுவும் பொய்தானே, நாற்பதடி தள்ளிக் கட்டடம் இருக்கிறது, நானே பார்த்தேன்.

அறைக்கு வந்து 18 தாள்களையும் பரப்பிப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி. செங்கல் சுவர், தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மற்றபடி உண்டு, உண்டு, உண்டு. தாளை மட்டும் படிக்கிறவருக்கு, பரவாயில்லையே, நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று தோன்றும். ஆனால் மத்தியானம் அரை மணி நேரம் ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்த எனக்குத் தலை சுற்றியது. எதிரே ஒருவர் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட வேண்டிய சந்து. கால் வைக்கிற இடத்துக்கு ஒரு சாண் பக்கத்தில் திறந்த சாக்கடை. இதற்கெல்லாம் படிவத்தில் கட்டமே இல்லை.

படிவத்தை மாற்றக் கூடாதாம். கெஞ்சியதில், கூடுதலாக ஒரு பக்கம் இணைத்துக்கொள் என்றார் வழிகாட்டி. ஒரே ஒரு பக்கம். அதில் என்ன கேட்பது? இப்படிப்பட்ட இடத்தில் வாழ்ந்தவர்கள், வேலை பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

ரசமட்டம் எழுதியது:

நான் குடிநீர், கழிவுநீர் வேலைகளில் இருப்பவன். உங்கள் சந்தேகம் பழைய சந்தேகம்தான். உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் சேர்ந்து வைக்கும் கணக்கில், கழிப்பறை எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேறு குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வது என்றால் அது ‘அடிப்படை’ வசதியில் சேராது. ஒரு படி கீழே போய்விடும். தண்ணீருக்கும் அப்படி ஒரு கோடு உண்டு. போய், வரிசையில் நின்று, எடுத்துத் திரும்ப 30 நிமிடத்துக்கு மேல் ஆனால் அதுவும் கீழ்ப்படிதான். ஆகவே எத்தனை வீட்டுக்குப் பொது, எத்தனை நிமிடம் ஆகிறது, இந்த இரண்டையாவது கேளுங்கள்.

அப்புறம், ஐ.நா.வின் வாழ்விட அமைப்பு ஐந்து விஷயங்களைப் பார்க்கிறது: தண்ணீர், கழிப்பறை, போதுமான இடம், உறுதியான கட்டடம், எந்த நேரமும் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் இல்லாத குடியிருப்பு உரிமை. இதில் ஒன்று குறைந்தாலும் அந்தக் குடும்பம் குடிசைப் பகுதிக் கணக்கில் வரும். அப்படி எண்ணினால் உலகத்தில் 100 கோடிக்கு மேல் ஆட்கள். போதுமான இடம் என்பதற்கு அவர்கள் அளவுகோல் ஓர் அறைக்கு அதிகபட்சம் மூன்று பேர். நீங்கள் சொன்ன படிவத்தில் இடமும் இல்லை, உரிமையும் இல்லை.

தரையையும் விட்டிருக்கிறார்கள். மெக்சிகோவில் கோவாவிலா மாநிலத்தில் 2000 வாக்கில் மண் தரை வீடுகளுக்கு அரசே சிமெண்ட் போட்டுக் கொடுத்தது. பிறகு ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது குழந்தைகளின் வயிற்றுப் புழுவும் வயிற்றுப்போக்கும் ரத்தசோகையும் குறைந்திருந்தன. கூரையைப் பற்றியே எல்லாரும் பேசுவார்கள், தவழுகிற குழந்தை இருப்பது தரையில்.

குழாயடி எழுதியது:

தங்கச்சி (அந்தப் பிள்ளை உன்னை அக்கா என்றதால் உரிமையோடு சொல்கிறேன்), அந்த அம்மா முறைத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் பிறந்து 22 வயது வரை இருந்தது பத்தடிக்கு எட்டடி அறை. ஆறு பேர். அப்புறம் செவிலியர் படிப்பு. இப்போது 19 வருடமாக அதே மாதிரிப் பகுதிகளில்தான் வேலை. அந்தக் கூடுதல் பக்கம் என் கையில் கிடைத்தால் ‘உண்டா’ என்ற சொல்லையே அதில் வைக்க மாட்டேன். எல்லாவற்றுக்கும் மணி கேட்பேன்.

எங்கள் குழாயில் தண்ணீர் வந்தது விடிகாலை மூன்றரைக்கு. சில நாள் நாலரை. எப்போது என்று தெரியாததால் அம்மா மூன்று மணிக்கே எழுந்து போய், குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அதன் மேல் கையைப் போட்டுக்கொண்டே தூங்குவார். என் நினைவில் அம்மா முழு இரவு தூங்கியது அவருக்கு அறுவை சிகிச்சை நடந்த வாரத்தில் மட்டும்தான். அந்த வாரம் குழாயடிக்குப் போனது நான். எங்கள் வீட்டுக்கும் யாராவது வந்து ‘குடிநீர்: உண்டு’ என்று டிக் போட்டிருப்பார்கள்.

விட்டு விட்டு வருகிற தண்ணீரில் இன்னொரு தொல்லை. குழாயில் அழுத்தம் இல்லாத நேரத்தில் விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடை உள்ளே இழுக்கப்படும். அதனால் முதல் இரண்டு குடம் கலங்கலாக, வாடையோடு வரும். எங்களுக்குக் காரணம் தெரியாது, ஆனால் முதல் குடம் யாருக்கு என்பதில் தினமும் சண்டை நடக்கும், அது தெரியும். அப்புறம் பிடித்ததைச் சேர்த்து வைத்தாக வேண்டும். டிரம், அண்டா, வாளி. மூடி சரியில்லாத டிரம்மில் டெங்குக் கொசு முட்டையிடும். நானே வீடு வீடாகப் போய் டிரம்மைக் கவிழுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு பாட்டி கேட்டார், “கவுத்துட்டு, நாளைக்குக் குடத்தைத் தூக்கிட்டு உன் வீட்டுக்கு வரட்டுமா?” இன்றுவரை அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கழிப்பறைக்கு வருகிறேன். பதின்மூன்று வயதிலிருந்து மாலை நாலு மணிக்கு மேல் நான் தண்ணீர் குடித்ததில்லை. அக்காவும் அப்படித்தான். இதை யாரும் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. இருட்டில் அந்தச் சந்தில் போக வேண்டாம், அவ்வளவுதான். இப்போது நீர்க்கடுப்பு, காய்ச்சல், இடுப்பு வலி என்று வருகிற பெண்களிடம் நான் முதலில் கேட்பது, சாயங்காலம் கடைசியாக எத்தனை மணிக்குத் தண்ணீர் குடிப்பாய் என்றுதான். கழிப்பறை என்ற சொல்லே வர வேண்டியதில்லை. நீயும் அதைக் கேள். பெண்களிடம், தனியாக.

சூடு. நீ மத்தியானம் போனாய், தலை சுற்றியது. ராத்திரி போயிருக்கிறாயா? தகரம் சீக்கிரம் கொதிக்கும், சீக்கிரம் ஆறும். கான்கிரீட் கூரை போட்டவர்கள் வசதியானவர்கள் என்று படிவம் நினைக்கும். அது பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்கக் கீழே இறக்கும். கோடையில் எங்கள் சந்தில் கான்கிரீட் வீட்டுக்காரர்கள்தான் அதிகம் வெளியே படுத்தார்கள். அகமதாபாத்தில் 2010 வெப்ப அலையில் ஏராளமானோர் இறந்த பிறகு, 2013-இல் வெப்பச் செயல்திட்டம் ஒன்று போட்டார்கள். பின்னால் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பதையும் அதில் சேர்த்தார்கள். வெயிலைத் திருப்பி அனுப்புவதால் உள்ளே சில டிகிரி குறையும். சில டிகிரிதானே என்று நினைக்காதே, பச்சைக்குழந்தையை வைத்துக்கொண்டு அந்தக் கூரைக்குக் கீழே இருந்தவர்களுக்குத் தெரியும் வித்தியாசம்.

ஒரு பக்கத்தில் ஒரே கேள்விதான் என்று கட்டாயம் வந்தால், நான் வைப்பது இதை: ராத்திரி யார் யார் எங்கே படுப்பீர்கள், வரைந்து காட்டுங்கள். ஒரு கட்டம் போட்டு, கதவு எங்கே, அடுப்பு எங்கே என்று குறித்துக் கொடு, மீதியை அவர்கள் போடுவார்கள். எங்கள் வீட்டுப் படத்தில் பாட்டி அடுப்பு ஓரம், அம்மாவும் நாங்கள் மூன்று பிள்ளைகளும் குறுக்காக, அப்பா பாதி உடம்பு வாசற்படிக்கு வெளியே. மழை பெய்தால் அப்பா உட்கார்ந்துகொண்டே தூங்குவார். நெரிசல், காற்று, புகை, பெண் பிள்ளைகளின் பாதுகாப்பு எல்லாமே அந்தப் படத்தில் வந்துவிடும். இருமுகிறவருக்குப் பக்கத்தில் யார் படுக்கிறார் என்பதும் வரும், எனக்கு வேலையில் அதுதான் முக்கியம். காசநோய்க்கு மருந்து கொடுத்து அனுப்புகிறோம், அவர் திரும்பிப் போவது ஜன்னல் இல்லாத அதே அறைக்கு.

மாடிவீடு கட்டிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்பார்கள். மும்பை கோவண்டியில் அப்படிக் குடியமர்த்திய அடுக்குமாடிகளில் ஆய்வு செய்தார்கள். கட்டடங்கள் ஒன்றோடொன்று உரசுகிற மாதிரி நெருங்கி நிற்கின்றன. வெளிச்சமும் காற்றும் எட்டாத கீழ்த்தளங்களில்தான் காசநோய் கூடுதலாக இருந்தது. சுவர் கெட்டியானது, கூரை கெட்டியானது, உன் படிவத்தில் முழு மதிப்பெண் வாங்கும் வீடு.

மழைக்கு ஒரு வரி: தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டால் சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். டேப் வைத்து அளந்துகொள். பத்திரம், அட்டை எல்லாம் எங்கே வைப்பீர்கள் என்றும் கேள். எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு விட்டத்தில் தொங்கும். எவ்வளவு உயரத்தில் தொங்குகிறதோ, அவர்கள் பார்த்த வெள்ளம் அவ்வளவு.

சரி, அந்த அம்மா. பொதுக் கழிப்பறையைப் பூட்டினால் சாவி யாரிடமாவது இருக்கும். பெரும்பாலும் நாலு வீடு தள்ளி இருப்பவரிடம். ராத்திரி ஒரு அவசரம் என்றால் அவர் கதவைத்தான் தட்ட வேண்டும். பூட்டுகிறார்கள் என்று தாளில் எழுதிக் கொடுத்தது இந்த வீடு என்று தெரிந்தால், அடுத்த முறை அந்தக் கதவு மெதுவாகத் திறக்கும். பிள்ளைக்கு அது தெரியாது, அம்மாவுக்குத் தெரியும். ஆகவே இந்தக் கூடுதல் பக்கத்தில் பெயரும் வேண்டாம், கதவு எண்ணும் வேண்டாம். சந்து எண் போதும்.

வாடகைவீடு எழுதியது:

குழாயடி அக்கா சொன்னதற்கு மேல் ஒன்றுமில்லை, ஆனால் ஒரு விஷயம் விட்டுப்போனது. ‘யாருடைய வீடு?’

நான் இப்படிப்பட்ட இடத்தில் ஒன்பது வருடம் வாடகைக்கு இருந்தேன். வெளியில் இருப்பவர்களுக்குக் குடிசைப் பகுதிக்குள் வாடகைக்காரர்கள் இருப்பார்கள் என்றே தோன்றாது. கணக்கெடுக்க வந்தால் பதில் சொல்வது வீட்டுக்காரர். முன் அறைக்கு ஒரு தாள், அதோடு சரி. பின்னால் தடுப்புப் போட்டு மூன்று குடும்பம் இருந்தோம், எந்தக் கணக்கிலும் நாங்கள் வரவில்லை. பிறகு அந்தப் பகுதியைக் காலி செய்தபோது மாற்று வீடு கிடைத்தது வீட்டுக்காரருக்கு. எங்களுக்குக் கிடைத்தது பத்து நாள் அவகாசம். ஒரு கதவைத் தட்டினால் ஒரு குடும்பம் என்று நினைக்காதீர்கள். எத்தனை அடுப்பு எரிகிறது என்று கேளுங்கள்.

கூரை ஒழுகினாலும் நான் ஒன்பது வருடத்தில் ஓர் ஓட்டையை அடைக்கவில்லை. சோம்பேறித்தனம் இல்லை சார், நாளைக்கு இருப்போமா என்று தெரியாத வீட்டுக்கு யார் செலவு செய்வார்கள்? அர்ஜென்டினாவில் இதற்கு நல்ல சான்று இருக்கிறது. புவெனஸ் ஐரெஸ் புறநகரில் 1981-இல் நிலமில்லாத குடும்பங்கள் ஒரு காலி இடத்தில் குடியேறின. அது தனியார் நிலம் என்று பிறகு தெரிந்தது. 1984-இல் அரசு சட்டம் போட்டு, ஈடு கொடுத்து நிலத்தை எடுத்தது. சில உரிமையாளர்கள் ஈட்டை வாங்கிக்கொண்டார்கள், சிலர் வழக்குப் போட்டார்கள். அதனால் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் ஒருவருக்குப் பட்டா வந்தது, ஒருவருக்கு வரவில்லை. வருடங்கள் கழித்துப் பார்த்தால், பட்டா கிடைத்தவர்கள் வீட்டை நன்றாக எடுத்துக் கட்டியிருந்தார்கள், பிள்ளைகளைக் கூடுதலாகப் படிக்க வைத்திருந்தார்கள். வங்கிக் கடன் மட்டும் அவர்களுக்கும் பெரிதாகக் கிடைக்கவில்லை, அது வேறு கதை.

இன்னொன்று. இந்த வருடம் நீங்கள் எத்தனையாவது கணக்கெடுப்பு என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். எங்களிடம் வருடத்துக்கு மூன்று பேர் வருவார்கள். திரும்பி வந்து இதுதான் கிடைத்தது என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

நான்குபக்கம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. எட்டு நாள் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் நான் செய்த தப்பு. படுக்கிற படத்தை ஒரு வீட்டில் வாசலில் நின்றுகொண்டே கேட்டேன். மாமனார், கணவர், எதிர்வீட்டார் எல்லாரும் இருந்தார்கள். அந்தப் பெண் முகம் சிவந்து உள்ளே போய்விட்டார். புதிதாகக் கல்யாணமானவராம். எனக்கு உறைக்கவே இல்லை. அதற்குப் பிறகு உள்ளே உட்கார்ந்து, ஆண்கள் வேலைக்குப் போன நேரத்தில் மட்டும் கேட்டேன்.

இரண்டாவது சந்தில் 26 கதவு. அடுப்பு எண்ணினால் 41. என் பழைய படிவப்படி 26 குடும்பம்தான்.

தண்ணீர்க் கேள்விக்குப் பெண்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் அஞ்சு மணி, ஆறு மணி என்று ஒருவர் சொன்னதும் எல்லாரும் சொன்னார்கள். ஒருவர் மட்டும், “தண்ணியெல்லாம் நல்லாக் குடிப்பேன், எனக்கென்ன பயம்” என்றார். பிறகுதான் தெரிந்தது, சாவி அவரிடம்தான்!

பதினெட்டாவது வீட்டுக்குத் திரும்பிப் போனேன். அம்மா வேலைக்குப் போயிருந்தார், மகள் இருந்தாள். அவளே பென்சிலை வாங்கிப் படம் போட்டாள். அம்மா, இரண்டு தம்பிகள், மாமா, அத்தை எல்லாரும் இருக்கிறார்கள். அவள் இல்லை. நீ எங்கேம்மா என்றேன். “எனக்கு தினமும் மாறும்க்கா” என்றாள். அந்தத் தாளில் அவளை எங்கே போடுவது என்று தெரியாமல் வைத்திருக்கிறேன்.

இன்னொரு சந்தேகம். அந்தச் சந்துப் பெண்கள் சிலர், இதை எங்களுக்கும் ஒரு பிரதி கொடு என்கிறார்கள். கொடுக்கலாமா? துறையில் கேட்டால் தரவு துறையுடையது என்கிறார்கள்.

ரசமட்டம் எழுதியது:

கட்டாயம் கொடுங்கள், சந்து வாரியாகக் கொடுங்கள். கராச்சியின் ஓரங்கியில் 1980-இல் அக்தர் ஹமீத் கான் ஆரம்பித்த வேலை சந்தை அலகாக வைத்துத்தான் நடந்தது (கடைச் சந்தை இல்லை, சந்து!). இருபது முப்பது வீடு கொண்ட ஒரு சந்து கூடிப் பேசி, தங்களுக்குள் ஒருவரைப் பொறுப்பாக வைத்து, சொந்தக் காசில் பாதாளச் சாக்கடை பதித்தார்கள். அளவெடுப்பதும் தொழில்நுட்ப உதவியும் திட்டத்துக்காரர்களுடையது. பெரிய குழாயும் சுத்திகரிப்பும் அரசு வேலை. வீட்டுக்கு வீடு தனித்தனியாகப் போயிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது, சாக்கடைக்கு வாட்டம் ஒரு வீட்டோடு முடிகிற விஷயமா என்ன.

குழாயடி எழுதியது:

கொடு தங்கச்சி. அவர்கள் வீட்டைப் பற்றி அவர்கள் சொன்னதுதானே.

ஜாக்கின் அற்புதம் என்று ஒருவர் இருந்தார், கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். மும்பையில் அவர் இருந்த ஜனதா காலனியை 1976-இல் இடித்தார்கள். குடிசைவாசிகள் தங்களைத் தாங்களே கணக்கெடுத்துக்கொள்ள வேண்டும் என்பதில் அவர் கடைசிவரை பிடிவாதமாக இருந்தார். எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரி முன்னால் உட்கார்ந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும் என்பது அவர் அனுபவம்.

ஆனால் இரண்டு தாளாகப் பிரித்துக்கொள். சந்தில் எத்தனை அடுப்பு, எத்தனை நிமிடம், எந்த உயரத்துக்குத் தண்ணீர், இதெல்லாம் ஒரு தாள். அதை எல்லாருக்கும் கொடு. யார் எந்த வருடம் வந்தார்கள், யார் வாடகை என்பது வேறு தாள். அது யார் கையில் போகிறது என்று பார்த்துக் கொடு. மும்பையில் 2000 ஜனவரி 1-க்கு முன்னால் இருந்ததற்கு அத்தாட்சி இருந்தால்தான் இலவச மாற்று வீடு என்று ஒரு கோடு போட்டிருந்தார்கள். அப்படிக் கோடு போடுகிற இடத்தில் ஒரு வருடம் தவறாக எழுதினால் ஒரு குடும்பம் வெளியே. சாவிக்காரம்மாவுக்கும் முதல் தாளில் ஒரு பிரதி கொடு, மறக்காதே. அவர்தான் நாளைக்குப் பூட்டு நேரத்தை மாற்ற முடிந்தவர். அவரை எதிரியாக்கிவிட்டு உன்னால் பட்டம் வாங்க முடியும், அந்தச் சந்தால் ராத்திரியைக் கழிக்க முடியாது.

அந்தப் பிள்ளையின் தாளில் ‘தினமும் மாறும்’ என்று அவள் சொன்னபடியே எழுது. கட்டத்துக்குள் இடம் தேடாதே, வெளியே ஓரத்தில் எழுது. அடுத்த முறை போகும்போது நேற்று எங்கே படுத்தாய் என்று மட்டும் கேள், அம்மா இல்லாத நேரத்தில் வேண்டாம், அம்மாவையும் வைத்துக்கொண்டே கேள்.